கண்ணை மூடினால் கடன்தான் ஞாபகம் வருகிறது

மனநலம்: கேள்வி – பதில்

கேள்வி:

டாக்டர், எனக்கு வயது 37. கணவர் ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் ஷிஃப்ட் வேலை பார்க்கிறார். வீட்டில் இரண்டு கறவை மாடுகள், ஏரிப் பாசனத்தில் ஒரு ஏக்கர் நெல், சர்க்கரை நோயுள்ள மாமியார், பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள். மாடு வாங்கியதற்கும் வீட்டுச் செலவுக்குமாகக் குழுக் கடன் எடுத்திருக்கிறோம். வாரா வாரம் தவணை கட்டவேண்டும். விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்தவுடனேயே நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. மகள் புத்தகத்தை எங்கோ வைத்துவிட்டுத் தேடினால்கூட அவள்மேல் எரிந்து விழுகிறேன். பிறகு தனியாக உட்கார்ந்து அழுகிறேன். ஈசிஜி, தைராய்டு எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றும் இல்லை, டென்ஷனைக் குறையுங்கள் என்றார்கள். யூடியூபில் மைண்ட்ஃபுல்னெஸ் பயிற்சி வீடியோ பார்த்துச் செய்து பார்த்தேன். கண்ணை மூடி மனதைக் காலியாக வையுங்கள் என்கிறார்கள். கண்ணை மூடினால் எனக்குக் கடன்தான் ஞாபகம் வருகிறது. இது என்னைப் போன்றவர்களுக்கு ஒத்துவருமா? உட்கார நேரம் இல்லாதவள் என்ன செய்வது? கோயில் குளம் என்று இருக்கிற குடும்பம் எங்களுடையது. இது வேறு மதத்துக்காரர்கள் செய்வது என்கிறார் மாமியார். அதையும் விளக்குங்கள்.

– வாசகி, காவாந்தண்டலம்

பதில்:

சகோதரி, ஈசிஜியும் தைராய்டும் முதலில் பார்த்துவிட்டீர்கள், மிக நல்லது. படபடப்புக்கு உடல் காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் மனதின் பக்கம் வரவேண்டும். ரத்தசோகையாலும் படபடப்பு வரும். ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்க்கவில்லை என்றால் அதையும் பார்த்துவிடுங்கள்.

டென்ஷனைக் குறை என்று எல்லோரும் சொல்கிறார்கள், எப்படி என்று யாரும் சொல்வதில்லை. அதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன். முதலில் உங்கள் உடம்புக்குள் நடப்பது என்னவென்று பார்ப்போம். அது உங்கள் மாட்டுக் கொட்டகையிலேயே தெரியும்.

புது ஆள் கறக்க வந்தாலோ, நாய் குரைத்து மாடு மிரண்டாலோ, மடி நிறையப் பால் இருந்தும் மாடு பாலை அடக்கிக்கொள்ளும். மடியைக் கழுவி, காம்பை நீவிவிடும்போது மாட்டின் உடலில் ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது. ஓரிரு நிமிடங்களில் பால் இறங்குகிறது. மாடு பயந்தால் அட்ரினலின் சுரந்து அந்த வேலையைத் தடுத்துவிடுகிறது. மடியில் பால் குறையவில்லை, இறங்குவதற்கான வழிதான் அடைபடுகிறது. உங்களுக்கும் அதே அட்ரினலின்தான். தவணை நாளை நினைத்த கணத்தில் அது சுரக்கிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, மூச்சு மேலோட்டமாகிறது, தோள் இறுகுகிறது. மகள்மேல் உங்களுக்கு இருக்கும் பாசம் எங்கும் போய்விடவில்லை. அந்த நேரத்தில் அது வெளியே வர முடியாமல் அடைபட்டிருக்கிறது. எனவே, "நான் மோசமான அம்மா ஆகிவிட்டேன்" என்று அழ வேண்டாம். பயந்த உடம்பு செய்வதை உங்கள் உடம்பு செய்கிறது. பயத்தைத் தணிக்கப் பழகலாம்.

மனதைக் காலி செய்ய முடியுமா?

முடியாது, தேவையும் இல்லை. அந்த வீடியோ சொன்னது தவறு. செய்கிற காரியத்தில் கவனத்தை வைப்பதுதான் பயிற்சி. கவனம் நழுவும். நழுவியதைத் தெரிந்துகொள்வதும், உங்களையே திட்டிக்கொள்ளாமல் அதை மறுபடி காரியத்துக்குக் கொண்டுவருவதும் பயிற்சியின் பாகங்கள்தான். கண்ணை மூடியதும் கடன் ஞாபகம் வந்ததைக் கவனித்தீர்கள் அல்லவா? அந்த இடத்திலேயே பயிற்சி தொடங்கிவிட்டது. அங்கிருந்து மூச்சுக்குத் திரும்பியிருந்தால் ஒரு சுற்று முடிந்திருக்கும். பத்து நிமிடத்தில் முப்பது முறை நழுவி முப்பது முறை திரும்பினாலும் அது நன்றாகச் செய்த பயிற்சி.

மனம் அலைவது உங்களுக்கு மட்டும் உள்ள குறை என்றும் நினைக்காதீர்கள். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 2,250 பேரிடம், பகலில் அவ்வப்போது செல்போன் வழியாக, "இப்போது என்ன செய்கிறீர்கள், எதை நினைக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள். 2010இல் வெளியான அந்த ஆய்வின்படி, ஏறத்தாழ 47 சதவீத நேரம் மனம் செய்கிற வேலையில் இல்லை. அப்படி அலைந்த நேரங்களில் மகிழ்ச்சியும் குறைவாகவே இருந்தது. இனிமையான விஷயத்தை நினைத்துக்கொண்டிருந்தவர்கள்கூட, கையில் உள்ள வேலையில் மனம் ஒன்றி இருந்தவர்களைவிட அதிக மகிழ்ச்சியாக இல்லை.

இது யாருடைய பயிற்சி?

மாமியாரிடம் சொல்லுங்கள், இது பௌத்தர்கள் வழியாக வந்த பயிற்சிதான், ஆனால் உங்கள் மாவட்டத்துக்கு வேற்றூர்ச் சரக்கு அல்ல. ஏழாம் நூற்றாண்டில் சீனத் துறவி யுவான் சுவாங் வந்தபோது காஞ்சிபுரத்தில் பௌத்த மடங்கள் நிறைய இருந்தன. அதற்கும் முன், ஐந்தாம் நூற்றாண்டில் புத்தகோசர் என்ற பேரறிஞர் இலங்கைக்குப் போய் விசுத்திமக்கம் என்ற நூலை எழுதினார். காஞ்சிபுரத்தில் தாம் தங்கியிருந்ததைத் தம் உரைநூல் ஒன்றின் முடிவில் அவர் குறிப்பிடுகிறார். மூச்சைக் கவனிப்பது எப்படி என்று விசுத்திமக்கம் படிப்படியாகச் சொல்கிறது. புதிதாகத் தொடங்குபவர் மூச்சை எண்ண வேண்டும்; ஐந்துக்குக் குறைவாக நிறுத்தக்கூடாது, பத்தைத் தாண்டவும் கூடாது என்பது அதில் உள்ள யோசனை. குறைவாக எண்ணினால் மனம் நெருக்கடிப்படும், அதிகமாக எண்ணினால் எண்ணிக்கையிலேயே போய்விடும் என்று காரணமும் தருகிறது. இன்றைக்கும் நாங்கள் சொல்லிக் கொடுப்பது ஏறத்தாழ இதைத்தான்.

அமெரிக்காவில் ஜான் கபாட்-ஸின் 1979இல் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில், தீராத வலியாலும் மன அழுத்தத்தாலும் அவதிப்பட்ட நோயாளிகளுக்காக இந்தப் பழைய பயிற்சியைச் சில வார வகுப்பாக அமைத்தார். மதச் சடங்கு எதையும் அதில் சேர்க்கவில்லை. யூடியூபில் நீங்கள் பார்த்தது பெரும்பாலும் அந்த வழியில் வந்ததுதான். நம் பக்கத்தில் வேதாத்திரி மகரிஷி 1911இல் கூடுவாஞ்சேரியில் ஒரு நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். சம்சாரம், தொழில், கடன், வரவு செலவு எல்லாம் பார்த்தவர். குடும்பத்தில் இருப்பவர்களுக்காகவே மனவளக்கலை என்ற பயிற்சி முறையை வகுத்தார். எனவே சாமி கும்பிடுவதை நீங்கள் எந்த விதத்திலும் மாற்ற வேண்டியதில்லை. கோயிலில் பிரகாரம் சுற்றும்போது கால் தரையில் படுவதைக் கவனித்துச் சுற்றினாலும் அது பயிற்சிதான்.

பலன் உண்டா?

உண்டு. அதை உள்ளது உள்ளபடி தெரிந்துகொள்ளுங்கள். தியானப் பயிற்சிகள் பற்றிய 47 மருத்துவ ஆய்வுகளை, மொத்தம் 3,515 பேர் பங்கேற்றவை, ஒன்றாகச் சேர்த்துப் பார்த்த ஓர் அலசல் 2014இல் வெளியானது. பதற்றமும் மனச்சோர்வும் ஓரளவு குறைகின்றன என்பது அதன் முடிவு. 2022இல் வெளியான ஓர் ஆய்வில், பதற்ற நோய் உள்ள 276 பேரை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு எஸ்சிடாலோபிராம் என்ற மாத்திரையும், மற்றொரு பிரிவுக்கு எட்டு வார மைண்ட்ஃபுல்னெஸ் வகுப்பும் கொடுத்துப் பார்த்தார்கள். இரண்டிலும் பதற்றம் ஏறக்குறைய ஒரே அளவில் குறைந்தது. ஆனால் அந்த வகுப்பில் இருந்தவர்கள் வீட்டிலும் தினம் முக்கால் மணி நேரம் பயிற்சி செய்யும்படி கேட்டுக்கொள்ளப்பட்டார்கள். ஆகவே இரண்டு நாளில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். தினம் கொஞ்சமாகவாவது, எட்டு வாரம் விடாமல் செய்யுங்கள். மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது.

உட்கார நேரமில்லாதவருக்கு

முக்கால் மணி நேரம் உங்களால் ஒதுக்க முடியாது என்று தெரியும். அதனால் நீங்கள் ஏற்கெனவே செய்கிற வேலைகளிலேயே பயிற்சியை வைத்துக்கொள்வோம்.

எழுந்தவுடன்: படபடப்போடு எழுகிறீர்கள். பாயைவிட்டு எழுவதற்கு முன் ஆறு மூச்சு. மூக்கு வழியாக நான்கு எண்ணும்வரை உள்ளே, ஆறு எண்ணும்வரை வெளியே. மூச்சை வெளியே விடும் நேரத்தில் வேகஸ் என்ற நரம்பு இதயத்துடிப்பைக் குறைக்கிறது. அதனால் வெளிமூச்சு நீளமாக இருக்க வேண்டும். மூச்சை அடக்க வேண்டாம். இதற்கு ஒரு நிமிடம் போதும். ஆறு மூச்சு முடியும்வரை செல்போனைத் தொடாதீர்கள்.

கறக்கும்போது: உங்கள் நாளிலேயே மிகச் சிறந்த பயிற்சி நேரம் இது. மடியைக் கழுவும்போது தண்ணீரின் சூடு கையில் தெரியட்டும். காம்பில் எண்ணெய் தடவும்போது விரல் வழுக்குவது தெரியட்டும். முதல் பீச்சு காலிப் பாத்திரத்தின் அடியில் விழும்போது சத்தம் கூர்மையாகக் கேட்கும். நுரை ஏற ஏற அந்தச் சத்தம் அமுங்கிப் போகும். அது எந்த இடத்தில் மாறுகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். நடுவில் "வெள்ளிக்கிழமை தவணை" என்று மனம் ஓடும். "தவணை நினைப்பு வந்தது" என்று மனதுக்குள் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு, மறுபடி சத்தத்துக்கு வாருங்கள். உங்கள் கை நிதானமாக இருந்தால் மாடும் நிதானமாக நிற்கும். இரண்டு மாடு கறந்து முடிப்பதற்குள் கால் மணி நேரப் பயிற்சி ஆகிவிடும், அதற்காகத் தனியாக ஒரு நிமிடம்கூட ஒதுக்கத் தேவையில்லை.

மகளிடம் பேசும்முன்: கோபம் முதலில் உடம்பில்தான் வரும். உங்களுக்கு எங்கே வருகிறது என்று ஒரு வாரம் கவனியுங்கள். தாடை இறுகலாம், காது சூடாகலாம், கை வேலை வேகமாகலாம். அந்த இடம் தெரிந்துவிட்டால், அது தொடங்கும்போதே ஒரு நீள மூச்சு விட்டுவிட்டுப் பேசலாம். சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விழுங்க வேண்டாம். "புத்தகத்தை ராத்திரியே எடுத்து வை" என்பதைச் சொல்லத்தான் வேண்டும். கத்தாமல் சொல்லலாம். எப்போதாவது கத்திவிட்டால், சாயங்காலம் அவளிடம், "காலையில் கத்திவிட்டேன், எனக்கு மனசு சரியில்லை, உன்மேல் கோபம் இல்லை" என்று சொல்லுங்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரியும்.

மத்தியானம் அல்லது இரவு: பத்து நிமிடம் மட்டும் திண்ணையில் முதுகைச் சாய்த்து உட்காருங்கள். கண்ணை மூடும்போது பயம் அதிகமானால் மூட வேண்டாம், தரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். ஒவ்வொரு வெளிமூச்சுக்கும் ஒன்று, இரண்டு என்று பத்துவரை எண்ணி, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குங்கள். எண்ணிக்கை விட்டுப்போனால் கணக்குப் பார்க்காமல் ஒன்றுக்கே திரும்புங்கள். கணவருக்கு இரவு ஷிஃப்ட் உள்ள நாட்களில் தூக்கம் வராமல் செல்போனில் ரீல்ஸ் பார்க்கும் பழக்கம் இருந்தால், அந்த நேரத்தில் இதைச் செய்யுங்கள்.

கடன் அப்படியே இருக்கிறதே?

உங்கள் கடிதத்தில் எழுதாத கேள்வி இது, ஆனால் உங்கள் மனதில் நிச்சயம் இருக்கும். மூச்சை எண்ணினால் கடன் அடையாது. அடையும் என்று சொல்கிறவரை நம்பாதீர்கள். கவனப் பயிற்சி கடனையும் கடனைப் பற்றிய ஓயாத நினைப்பையும் தனித்தனியாகக் காட்டிக் கொடுக்கும். கடனுக்கு வாரத்தில் அரைமணி நேரம் உட்கார்ந்து கணக்குப் பார்த்தால் போதும். நினைப்புதான் உங்கள் நாள் முழுவதையும் தின்கிறது. மனம் கொஞ்சம் தணிந்தபிறகு அந்த அரைமணி நேரத்தை உருப்படியாகப் பயன்படுத்தலாம்.

வேதாத்திரி மகரிஷி கவலைகளை நான்காகப் பிரிக்கச் சொன்னார்: பொறுத்துக்கொள்ள வேண்டியவை, தள்ளிப்போட வேண்டியவை, ஒதுக்கிவிட வேண்டியவை, உடனே தீர்க்க வேண்டியவை. ஞாயிற்றுக்கிழமை ஒரு நோட்டை எடுத்து நான்கு கட்டம் போட்டு எழுதுங்கள். அறுப்பு நேரத்தில் மழை வந்து, நெல் காயாமல், கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று திருப்பிவிடுவார்களோ என்ற பயம் இருக்கும். வானத்தை நாம் பிடிக்க முடியாது. தார்ப்பாய்க்கு ஏற்பாடு செய்துவிட்டுப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். மகளின் கல்லூரிச் செலவுக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் இருக்கிறது, அது தள்ளிப்போட வேண்டிய கட்டத்துக்குப் போகும். யார் என்ன பேசுவார்கள் என்பது ஒதுக்க வேண்டியது. வாரத் தவணை உடனே தீர்க்க வேண்டியது.

அந்தக் கடைசிக் கட்டத்துக்குச் சில விவரங்கள் தருகிறேன். ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதிகளின்படி, நுண்கடன் நிறுவனங்களுக்குக் கட்டும் மாதத் தவணையும் மற்ற கடன் தவணைகளும் சேர்ந்து குடும்ப மாத வருமானத்தில் பாதிக்கு மேல் போகக்கூடாது. காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ வசூலுக்காகக் கூப்பிடக்கூடாது, மிரட்டவும் அவமானப்படுத்தவும் கூடாது. இரவில் வரும் வசூல் போனுக்குப் பயந்து நடுங்க வேண்டியதில்லை, காலையில் பேசலாம். கிசான் கிரெடிட் கார்டு இப்போது கறவை மாடு வளர்ப்பவர்களுக்கும் உண்டு. தீவனம், பராமரிப்புச் செலவுகளுக்கு வங்கியிலோ தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்திலோ கேளுங்கள். வாரத் தவணைக் கடனைவிட வட்டி மிகக் குறைவு. ஒரு கடனை அடைக்க இன்னொரு குழுவில் புதுக்கடன் மட்டும் எடுக்காதீர்கள்.

மாமியாரின் சர்க்கரைக்காக நீங்கள் அலைகிற அலைச்சலையும் குறைக்கலாம். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு வீட்டிலேயே பரிசோதித்து மாத்திரை தருகிறார்கள். உங்கள் ஊருக்கு வரும் கிராம சுகாதார செவிலியரிடம் மாமியாரின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

தூக்கமின்மையோ, பசியின்மையோ, காரணமில்லாத அழுகையோ இரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்தால், வீட்டு வேலையைச் செய்யவே முடியாமல் போனால், அல்லது "இருந்து என்ன பயன்" என்ற எண்ணம் ஒருமுறை வந்தால்கூட, பயிற்சியை மட்டும் நம்பி இருக்காதீர்கள். 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மத்திய அரசின் மனநல உதவி எந்த நேரத்திலும் இலவசமாகக் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். தமிழக அரசின் 104 எண்ணிலும் பேசலாம். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரை அரசு மருத்துவமனை வழியாகப் பார்க்கலாம். பழைய அடியோ, அத்துமீறலோ, பெரிய இழப்போ மனதில் இருப்பவர்களுக்குக் கண்ணை மூடி உட்காரும்போது அந்த நினைவுகள் பெருகி வரக்கூடும். அப்படி ஆனால் உடனே நிறுத்திவிட்டு, கண்ணைத் திறந்து, நடந்தபடியே காலடியைக் கவனியுங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள்.

மனதுக்கு மருத்துவம் பார்த்தால் ஊர் என்ன சொல்லும் என்று தயங்க வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து தொலைவில்லாத திருமுக்கூடல் கோயிலில், பதினோராம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு இருக்கிறது. பதினைந்து படுக்கைகள், மருத்துவர், அறுவை செய்பவர், நோயாளிகளைக் கவனித்துக்கொள்ளும் பெண்கள், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகள் என்று ஆதுலர் சாலை என்ற மருத்துவமனையின் விவரம் முழுவதும் அதில் உண்டு. நோய் வந்தால் நான்கு பேர் சேர்ந்து பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது உங்கள் ஆற்றங்கரையில் ஆயிரம் ஆண்டுப் பழக்கம். மனதின் நோய்க்கும் அதே வழிதான்.

கடைசியாக ஒன்று. உங்கள் கடிதத்தில் எல்லா வேலைகளையும் செய்பவர் நீங்கள் ஒருவர்தான். எவ்வளவு பயிற்சி செய்தாலும், இரண்டு ஆள் வேலையை ஒரு ஆள் வருடக்கணக்கில் செய்தால் உடம்பு தாங்காது. இந்தப் பதிலை உங்கள் கணவரிடம் படிக்கக் கொடுங்கள். பகல் ஷிஃப்ட் இல்லாத நாட்களில் சொசைட்டிக்குப் பால் கொண்டுபோய் ஊற்றுவது அவர் வேலையாக இருக்கட்டும். தவணைக் கணக்கு நோட்டு இருவருக்கும் பொதுவாக இருக்கட்டும். இரவுச் சாப்பாடு முடிந்ததும் பாத்திரத்தை மகள் கழுவட்டும். அப்படி மிச்சமாகும் நேரத்தில் அந்தப் பத்து நிமிடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எட்டு வாரம் கழித்துப் படபடப்பு எப்படி இருக்கிறது என்று எனக்கு மறுபடி எழுதுங்கள்.